உடன்பிறந்தவர் போனால் வாழ்க்கை விளங்குமா?

நிலாவெளியான் | 2024 ஏப்ரல் 22

அக்கா இறந்து எட்டு மாதம். எனக்கு 27 வயது. வீட்டுக்கு வருகிற எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள்: "இப்படியான இழப்புத்தான் தம்பி ஆளைப் பக்குவப்படுத்தும், இனி உனக்கு வாழ்க்கை விளங்கும்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பு பொறுத்துப்போன விஷயங்களுக்கெல்லாம் இப்போது எரிந்து விழுகிறேன். சகோதரத்தை இழந்தவர்கள் பூசி மெழுகாமல் சொல்லுங்கள், உங்கள் பார்வை மாறியதா? இல்லை, எனக்குத்தான் ஏதும் பிழையா?

மடத்தடி | 2024 ஏப்ரல் 23

மாறவில்லை. அவர்கள் சொல்கிற மாதிரி மாறவில்லை. என் அண்ணா 2022 ஜூலையில் போனார். 48 வயது, மாரடைப்பு. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, முடிந்த கையோடு சந்தையில் சூடை மீன் விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். ஞானம் வந்தவள் செய்கிற வேலையா அது?

இன்றைக்குச் சித்திரா பௌர்ணமி. தாயை இழந்தவர்களுக்கு விரதம். இவர் மாமிக்காக விரதம் பிடித்து, கோயிலில் சித்திரகுப்தர் கதை கேட்டு, கஞ்சி குடித்துவிட்டு இப்போதுதான் வந்தார். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது. அண்ணனுக்கு என்ன நாள்? அக்காவுக்கு? ஒன்றும் இல்லை. காலையில் இவருக்குக் கறி ஆக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த யோசனைதான் ஓடியது. அதோடு உங்கள் கேள்வியையும் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மரண அறிவித்தலைக் கவனித்திருக்கிறீர்களா? "அன்னார், இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அன்புத் தந்தையும்" என்று போய், மூச்சு வாங்கி, அதற்குப் பிறகுதான் "அன்புச் சகோதரரும்". அதற்கும் பின்னால் மைத்துனர்மார் வந்துவிடுவார்கள். வானொலியில் வாசிக்கிற காலத்தில் அந்த இடம் வருவதற்குள் பாதிச் சனம் சத்தத்தைக் குறைத்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களும் அதே வரிசையில்தான் விசாரிப்பார்கள். அம்மா எப்படி இருக்கிறா, அண்ணி எப்படி இருக்கிறா, பிள்ளைகள் படிக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். தேத்தண்ணீரும் நான்தான் போட்டேன்.

மடத்தடி | 2024 ஏப்ரல் 24

சகோதரங்களுக்கும் நாள் உண்டு, புரட்டாசி மாளயத்தில் தாய், தகப்பன் மட்டுமல்லாமல் இறந்த உறவுகள் எல்லாருக்கும் பிதிர்க்கடன் செய்யலாம் என்று தம்பலகாமத்து ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் அது எல்லாரையும் சேர்த்துச் செய்கிற கணக்கு. நான் கேட்டது தனி நாள்.

துடக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகப்பன் வழி உரித்துக்காரருக்கு 31 நாள். கலியாணம் முடித்த சகோதரிக்குக் குறைவு, ஏனென்றால் அவள் வேறு வீட்டுக்காரி ஆகிவிட்டாள். அண்ணாவோடு வாழ்நாளில் நாலு தரம் கதைத்திருக்க மாட்டாத ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்கு முழுத் துடக்கு. ஒரே பாயில் படுத்து வளர்ந்த நான் அதற்கு முதலே கோயிலுக்குப் போகலாமாம். போகவில்லை. கோபத்தில்தான் போகவில்லை, பக்தியில் இல்லை.

மடத்தடி | 2024 ஏப்ரல் 27

கன்னியாவுக்கு அண்ணாவின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போன கதை. திருகோணமலை நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர்தான், ஆனால் 2022இல் பெற்றோல் இல்லாத காலம். வான் பிடிக்க முடியவில்லை, பாதிப் பேர் சைக்கிளில் வந்தார்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய அந்த ஏழையும் உண்டாக்கினான் என்பது இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வேறு யோசனை. தாய்க்கு ஏழு கிணறு தோண்டிய மனுசன் கும்பகர்ணனுக்கு ஒன்றாவது தோண்டினானா? கூடப்பிறந்தவன் கணக்கில் வராதது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை.

மடத்தடி | 2024 ஏப்ரல் 28

சண்டை நடந்துகொண்டிருந்தது, அவனுக்கு நேரம் எங்கே என்று இராவணனுக்காக வாதாட நாலு பேர் வந்துவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். தம்பி விழுந்த கையோடு மகனும் விழுந்தான், பிறகு அவனும் விழுந்தான். கிணறு தோண்ட லீவு கிடைக்கவில்லை.

மடத்தடி | 2024 மே 5

நிலாவெளித் தம்பி திரும்பவும் கேட்டிருக்கிறார்: "கோபத்தை என்ன செய்தீர்கள் அக்கா?" இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

2023இல் என் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பெய்திய சடங்கு. எங்கள் முறையில் தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும். பிள்ளை பிறந்து காது குத்தும்போதே மாமனின் மடி வேண்டும். ஆக, ஒரு பெண்ணுக்கு அண்ணன் போனால் அவளுடைய பிள்ளைகளின் சடங்குகளிலும் ஒரு கதிரை காலியாகிவிடும். இது எனக்கு அன்றைக்கு வரைக்கும் உறைக்கவில்லை. தம்பி கனடாவில். வர முடியாது, வீடியோவில் நிற்கிறேன் என்றான். வீடியோவில் எப்படித் தண்ணீர் வார்ப்பது? கடைசியில் மூதூரிலிருந்து பெரியம்மாவின் மகனை வரச் சொன்னோம். நல்ல மனுசன். காலையிலேயே லோஞ்சில் வந்து இறங்கி, வேட்டி கட்டிக்கொண்டு முன்னுக்கு நின்றார்.

பிரச்சினை மாமன் இல்லை, மாமி. அண்ணா இருந்திருந்தால் அண்ணியும் பக்கத்தில் நிற்க வேண்டியவ. அன்றைக்கு அவ குசினிப் பக்கம் பின் விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. ஒருவரும் போகச் சொல்லவில்லை, தானாகவே போய்விட்டா. புருசன் இல்லாதவ மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று சொல்லித் தர ஆள் தேவையா?

நான் பட்டுச் சேலையோடு போய் அவவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். "பிள்ளைக்குக் கூடாது" என்று ஒரு பெரியம்மா மெதுவாகச் சொன்னா. "பிள்ளைக்குக் கூடாதது போன வருசமே நடந்து முடிந்தது பெரியம்மா. அவளுடைய மாமா போய்விட்டார். இதுக்கு மேலே என்ன கூடாதது இருக்கு?" என்று கேட்டேன். மண்டபம் இல்லை, வீட்டு முற்றம்தான். எல்லாருக்கும் கேட்டது. படம் எடுக்கிற பெடியன் கூடக் கமராவை இறக்கிவிட்டான்.

அண்ணா இருந்த காலத்தில் நான் இப்படிக் கதைத்திருக்க மாட்டேன். கதைக்க வேண்டிய இடத்தில் அவர் கதைப்பார், நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டுவேன். எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. இப்போது அந்த இடத்தில் ஆள் இல்லை. அம்மா யாரைப் பார்க்கிறா என்று திரும்பினால் என்னைத்தான் பார்க்கிறா. பார்வை மாறியதா என்று கேட்டீர்கள். அவர் நின்ற இடத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டார்கள், அங்கே நின்று பார்த்தால் வேறு மாதிரித்தான் தெரிகிறது.

மடத்தடி | 2024 மே 6

கைதட்டியவர்களுக்கு ஒரு பின்குறிப்பு. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அண்ணி கேட்டா: "என்னைக் கேட்டியா நீ? எல்லாரும் என்னையே பார்த்தாங்கள். வெங்காயத்தோடு இருந்திருந்தால் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டாங்கள்." இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தக் கோபம் என்னுடையது. அதைச் சுமந்துகொண்டு முற்றத்தில் நின்றது அவ.

மடத்தடி | 2024 மே 20

"ஒரு மாரடைப்புச் சாவுக்கு இவ்வளவு எழுத்தா? இந்த ஊரில் சுனாமியிலும் சண்டையிலும் எத்தனை சகோதரங்களைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதிவிட்டுப் பிறகு அழித்திருக்கிறார். நான் பார்த்துவிட்டேன்.

இந்த ஊரில் துக்கத்துக்கும் வரிசை உண்டு, தெரியும். 1990இல் போனவர்கள், 2004 டிசம்பர் 26இல் போனவர்கள், அதற்கெல்லாம் பிறகுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனவர்கள். செத்த வீட்டில் நானே மனதுக்குள் அந்த வரிசையில் பின்னுக்குப் போய் நின்றேன். அழுவதற்குக்கூட ஒரு கூச்சம். எங்களுக்கு உடம்பு கிடைத்தது, பெட்டி கிடைத்தது, மகன் கொள்ளி வைத்தான். இது ஒன்றும் கிடைக்காதவர்கள் பக்கத்து வளவில் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து வளவு அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சண்டைக் காலத்தில் அண்ணன்மாரை இழந்தவ. ஒருவரைக்கூடக் கண்ணால் பார்த்து அனுப்பக் கிடைக்கவில்லை. செத்த வீடு முடிந்து சனம் குறைந்த பிறகு அவதான் பின்னேரங்களில் வந்து என்னோடு இருந்தா. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் புதினம் சொல்லுவா, முருங்கைக்காய் கொண்டு வருவா. ஒரே ஒரு தரம் மட்டும், "நீங்கள் எத்தனை சகோதரங்கள் என்று கேட்பாங்கள். குறைச்சுச் சொல்லாதே. நான் இன்னும் அஞ்சு பேர் என்றுதான் சொல்லுறன்" என்றா.

இந்தக் கேள்விதான் எனக்கும் எங்கே போனாலும் இடறுகிறது. கந்தோரில் புதிதாக வந்த பிள்ளை சும்மா கேட்கும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவ கேட்பா. மூன்று என்றால் அடுத்த கேள்வி "அவையள் எங்கே இருக்கினம்?" இரண்டு என்றால் தொண்டை அடைக்கும். இப்போது மூன்று என்றே சொல்கிறேன். அடுத்த கேள்வி வந்தால் "ஒருவர் கனடா, ஒருவர் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய சகோதரங்களைப் பற்றிக் கேட்டுவிடுவேன். சனத்துக்குத் தன் கதை சொல்லத்தான் விருப்பம்.

மடத்தடி | 2024 ஜூன் 2

மாரடைப்பு என்று எழுதியதைப் பார்த்துத் தனிமடலில் கேட்டவர்களுக்குப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தகப்பனோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன், தாயோ அக்கா தங்கச்சியோ 65 வயதுக்கு முன் இதய நோயில் விழுந்திருந்தால், அது உங்களுக்கும் ஓர் ஆபத்துக் காரணி. டொக்டர்மார் அதைக் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பல நாடுகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்றில் முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 59 என்று கண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு முந்தி வருகிறது. பரம்பரையாக வருகிற கொழுப்பு நோய் ஒருவருக்கு இருந்தால், கூடப்பிறந்தவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அண்ணாவுக்கு என்ன நடந்தது என்றால் வாய்வு. ஆமாம், வாய்வு என்றுதான் நினைத்தார். நெஞ்சு எரிகிறது என்று இஞ்சிச் சோடா குடித்தார், முதுகில் எண்ணெய் தடவச் சொன்னார். தாடையும் நோகிறது என்று சொன்னபோதுதான் அண்ணி பயந்தா. முன் வீட்டு ஓட்டோக்காரர் அவசரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் கொண்டுபோனோம். உள்ளே கொண்டுபோகும்வரை கதைத்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் போய்ச் சோதித்தேன். கெட்ட கொழுப்புக் கூடத்தான் இருந்தது. ஒவ்வொரு இரவும் ஸ்டாட்டின் மாத்திரை. தம்பியைச் சோதிக்க வைக்கத்தான் படாத பாடு பட்டேன். "இங்கே எல்லாம் ஓகே அக்கா" என்பான். அண்ணாவும் எல்லாம் ஓகே என்றுதான் சொன்னவர் என்று ஒரு நாள் சொன்னேன், அடுத்த கிழமை போய் இரத்தம் கொடுத்தான். பயம் காட்டுவது நல்லதில்லை என்பவர்கள் வரிசையில் வாருங்கள், எனக்குக் கவலை இல்லை.

இன்னொன்று. சுவீடனில் நாட்டு மக்கள் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. சகோதரத்தை இழந்தவர்கள் தாங்களும் மாரடைப்பில் இறக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது, அதுவும் உடனே இல்லை, சில வருடம் கழித்து. பரம்பரை ஒரு காரணமாக இருக்கலாம், கவலை இன்னொரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும் சோதிப்பதில் நட்டம் இல்லை.

மடத்தடி | 2024 ஜூன் 2, பிறகு

மறந்துவிட்டேன். நெஞ்சு நோவென்றால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இஞ்சிச் சோடாவை விருந்தாளிக்கு வையுங்கள்.

மடத்தடி | 2024 ஜூலை 14

இந்தக் கிழமை திவசம். எழுத மனம் இல்லை என்று இருந்தேன், ஆனால் நேற்றுத் தம்பியோடு நடந்த சண்டையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1990இல் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட இரவு. எனக்கு 12, அண்ணாவுக்கு 16, தம்பிக்கு நாலு. அப்பா கதவைப் பூட்டினாரா இல்லையா என்பது எங்கள் வீட்டில் முப்பது வருட வழக்கு. பூட்டினார், பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்தும் பார்த்தார் என்பது என் கட்சி. பூட்டவே இல்லை, "வருகிறவன் கதவை உடைக்காமலாவது போகட்டும்" என்று திறந்து விட்டுவிட்டு வந்தார் என்பது அண்ணாவின் கட்சி. அப்பாவிடம் கேட்டால் சிரிப்பார், பிறகு அவரும் போய்விட்டார். அம்மா அழுவா, அதனால் கேட்பதில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் இந்த வழக்கு நடக்கும்.

அண்ணா போனதோடு நான் வென்றுவிட்டேன். எதிர்க்கட்சி இல்லை. இனி நான் சொல்வதுதான் சரித்திரம். இப்படி ஒரு வெற்றி எனக்குத் தேவையே இல்லை. அந்தக் கதவைப் பற்றித் திருப்பிச் சொல்ல ஆள் இல்லாமல், நான் சொல்வது உண்மையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணா எதிர்த்துச் சொல்லும்போது இருந்த உறுதி இப்போது இல்லை.

நேற்று இதைத் தம்பியிடம் சொன்னால் அவன் "இல்லை அக்கா, அப்பா திறந்து விட்டுவிட்டுத்தானே வந்தவர், எனக்கு நல்ல ஞாபகம்" என்கிறான். நாலு வயதில் என்ன ஞாபகம்? அண்ணா சொல்லிச் சொல்லி அவனுக்குள் போட்டது. டொரொண்டோவிலிருந்து அண்ணாவின் கட்சி கதைக்கிறது. ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். போனை வைத்த பிறகு வெகு காலத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மடத்தடி | 2024 ஜூலை 15

"அண்ணனை விட உங்களுக்கு வயது கூடப்போகிறதே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்கிறீர்கள். 2026இல்தான். வந்த பிறகு பார்ப்போம்.

படம் போட்டவருக்கு: என்.சி. றோட்டில் நிற்கிற அந்த மான் எங்கள் வீட்டுப் பூக்கண்டு எல்லாம் தின்ற அதே மான். திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. இழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மடத்தடி | 2024 ஆகஸ்ட் 5

நேற்று ஆடி அமாவாசை. அண்ணாவின் மகனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். 14 வயதுப் பெடியன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அலை அடிக்க ஐயரைப் பார்க்கிறான், ஐயர் அடுத்த ஆளைப் பார்க்கிறார். அவ்வளவு கூட்டம்.

பாலையூற்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். காணிப் பிரச்சினையில் அண்ணனோடு பல வருடம் பேச்சு வார்த்தை இல்லை, போன மாதம் அண்ணன் இறந்துவிட்டார், செத்த வீட்டுக்குப் போனேன், ஆனால் அழுகை வரவில்லை, நான் மிருகமா என்று. இல்லை அண்ணா. விபீஷணனை நினைத்துப் பாருங்கள். தமையனை விட்டுப் பிரிந்து எதிர்ப் பக்கம் நின்றவன். இராவணன் விழுந்த பிறகு அவனுக்குக் கடன் செய்ய முதலில் தயங்குகிறான். பகை சாவோடு முடிந்தது, செய் என்று இராமன் சொல்ல, அவன்தான் செய்கிறான். வேறு யார் இருந்தது? சண்டை பிடித்த சகோதரம்தான் மிச்சம் இருக்கும், பல வீடுகளில் அப்படித்தான். அழுகை வராதது பிரச்சினையே இல்லை, எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு அது காணி உறுதி எழுதுகிற நாளில் நொத்தாரிசுக்கு முன்னால் வந்தது.

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று பழமொழி சொன்னவர்கள் காணிக் கச்சேரிப் பக்கம் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மடத்தடி | 2024 ஆகஸ்ட் 18

நிலாவெளித் தம்பிக்கு இந்த மாதம் அக்காவின் ஆட்டத்திவசம், முதல் வருடத் திவசம், வந்திருக்க வேண்டும். எப்படி இருக்கிறீர்கள்?

துயரத்துக்கு ஐந்து படிநிலை, கோபம் இரண்டாவது, கடைசியில் ஏற்றுக்கொள்ளல் என்று அவருக்கு ஒருவர் விளக்கம் கொடுத்திருக்கிறார். மனநல மருத்துவர் கூப்ளர்-றோஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்து. பிறகுதான் அதை இழந்துவிட்டு இருக்கிறவர்களுக்கும் பொருத்தினார்கள். படி ஏறுகிற மாதிரி ஒன்றும் எனக்கு நடக்கவில்லை. ஐந்தும் ஒரே பின்னேரத்தில் வந்த நாளும் உண்டு.

எத்தனை மாதம் தாண்டினால் வியாதி என்றும் கேட்டிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துயரத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் என்று போட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தார்கள். எங்கள் பழைய ஆட்களும் ஆட்டத்திவசம் வரைக்கும் ஒரு வருடம் விட்டார்கள், நல்ல காரியம் வைக்கவில்லை, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கவில்லை. ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. சாப்பிட முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, நானும் போயிருக்கலாமே என்று தோன்றுகிறது என்றால் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். எரிந்து விழுவது மட்டும்தான் என்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து விழுவோம்.

முதல் குறிப்பில் மாறவில்லை என்று வெட்டி எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால் அது முழுக்கச் சரியாகத் தெரியவில்லை. ஒரு விஷயம் மாறியிருக்கிறது, அதை எழுதக் கூச்சமாக இருந்தது. நான் இருக்கிற வீடு அண்ணா கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அதற்காக அவர் கட்டாருக்குப் போனார், வெயிலில் கப்பல் பட்டறையில் நின்றார், காசு அனுப்பினார். எனக்குக் கலியாணம் ஆகி, வீட்டுக்கு ஓடு போட்டு, கிணறு கட்டி, அதற்குப் பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். 34 வயதில் கலியாணம், 48 வயதில் முடிந்துவிட்டது. பதினாலு வருடம். எனக்காகக் காத்திருந்த வருடங்களையும் அதோடு கூட்டிப் பார்க்காமல் என்னால் இந்தச் சுவரைப் பார்க்க முடியவில்லை. அண்ணன்மாரின் கடமை என்று அப்போது எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன்.

இப்போது எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் உயர்தரம் எடுத்துவிட்டு வெளிநாடு போய்த் தங்கச்சிக்கு வீடு கட்டுகிறேன் என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னான். அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் வேண்டாம் என்றேன். உன் வாழ்க்கையை நீ தொடங்கு, அவள் படித்து அவளுடைய வீட்டைக் கட்டுவாள் என்றேன். அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை.

மடத்தடி | 2024 செப்டெம்பர் 29

மாளயம் நடக்கிறது. தம்பலகாமத்து ஐயா, உங்கள் சொல்லுக்காக அண்ணாவின் பெயரையும் கொடுத்திருக்கிறோம்.

அண்ணாவுக்கு வரவேண்டிய கடன்களை எழுதிய கொப்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணா கட்டாரிலிருந்து வந்து திருக்கடலூர்ப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. வேலையும் இல்லை, செய்த வேலைக்குக் காசும் இல்லை. எல்லாம் கொப்பியில். அவர் போன பிறகு, ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. அப்போது போய்க் கடலுக்குப் போகிறவனிடம் பழைய கடன் கேட்க முடியுமா? அண்ணிக்கோ கேட்கத் தெரியாது. நான் போனேன். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரையில் ஒவ்வொரு வாடியாக.

தந்தார்கள், இழுத்தடித்தார்கள், ஒருவர் "நான் எப்பவோ குடுத்திட்டன், உங்கட அண்ணா வெட்ட மறந்திட்டார்" என்றார். செத்தவரைச் சாட்சிக்கு அழைக்கலாம், வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஒரு கிழவர் வந்தார். மூவாயிரம் தந்தார். கொப்பியில் பெயரே இல்லை. "இது எழுதாத கடன் பிள்ளை. மகள்ட சோதினைக்குக் காசு கேட்டன், எழுத வேண்டாம் எண்டவர்" என்றார். அப்படி இன்னும் ஓரிருவர். எனக்குத் தெரியாத அண்ணா ஒருவர் அந்தக் கடற்கரையில் இருந்திருக்கிறார். வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுசன்!

எட்டுச் செலவுப் படையலில் அம்மா ஓர் அரைப் போத்தல் சாராயம் வைத்தா. அவர் இருந்த காலத்தில் போத்தலைக் கண்டால் கிணற்றடியில் ஊற்றினவ. அண்ணா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும், இங்கே எழுத முடியாது.

மடத்தடி | 2024 ஒக்டோபர் 6

கொப்பிக் கதையைப் போட்டதிலிருந்து பட்டறைச் சாமான் விற்பனைக்கா என்று தனிமடல். ஆம், விற்பனைக்குத்தான். அண்ணாவின் மகனுக்கு எஞ்சினில் ஒரு துளி ஆசை இல்லை, கிரிக்கெட் பைத்தியம். அண்ணிக்குக் காசு தேவை. கிறைண்டரும் வைஸும் போய்விட்டன, அண்ணாவிடம் வேலை பழகிய பெடியன் எடுத்தான். ஸ்பானர் செட் ஒன்று, புல்லர் இரண்டு, யமஹா எஞ்சின் உதிரிச் சாமான் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியை அப்படியே எடுக்க வேண்டும், பொறுக்க விடமாட்டேன். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வந்து பார்க்கலாம். விலை கதைக்கலாம். கடன் இல்லை.